உகாண்டா, கென்யாவில் சலைன் ஏற்றிய குழந்தைகள் ஏன் அதிகம் இறந்தார்கள்?

நீங்கள் கேட்டது இதுதான்: கிழக்கு ஆப்பிரிக்காவில் கடும் காய்ச்சலோடு வந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வேகமாகச் சலைன் ஏற்றினார்கள், இன்னொரு பகுதியினருக்கு ஏற்றவில்லை, ஏற்றியவர்களில்தான் சாவு அதிகம் என்று படித்தேன். இது நிஜமா, நிஜமென்றால் அந்தப் பிள்ளைகளைச் சோதனை எலிகளாக்கியது சரியா, நாளை என் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் போட்டால் நான் தடுக்க வேண்டுமா? கடைசிக் கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் நிறுத்திவிட்டுப் போகிறவர்களுக்காக: தடுக்க வேண்டாம். அந்த ஆய்வு சொன்னது டிரிப்ஸ் கெட்டது என்பதல்ல. ஒரு குறிப்பிட்ட வகை நோயாளிக்கு, குறிப்பிட்ட வேகத்தில், வென்டிலேட்டர் இல்லாத இடத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதைத்தான் சொன்னது.

நீங்கள் படித்தது நிஜம்தான். ஆய்வின் பெயர் ஃபீஸ்ட். கென்யக் கடற்கரையில் கிலிஃபி, உகாண்டாவில் முலாகோ, ம்பாலே, சொரோட்டி, லாச்சோர், தான்சானியாவில் முஹேசா நகரின் டெயூலே என ஆறு மருத்துவமனைகளில் 2009 ஜனவரி முதல் 2011 ஜனவரி வரை நடந்தது. தலைமை ஏற்றவர் கிலிஃபியில் வெகுகாலம் பணியாற்றிய குழந்தை மருத்துவர் கேத்ரின் மெய்ட்லாண்ட். முடிவுகள் 2011இல் வெளிவந்தன. ஆறில் நான்கு மருத்துவமனைகள் உகாண்டாவில் இருப்பதால் இதை ஒருவகையில் உகாண்டாவின் ஆய்வு என்றே சொல்லலாம்.

இப்படி ஒரு கேள்வியை ஏன் எழுப்பினார்கள் என்பது தெரியாமல் முடிவு புரியாது. நோய்த்தொற்று முற்றி ஷாக் நிலைக்கு, அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலைக்குப் போகும் குழந்தையின் கை, கால் சில்லிடும், நாடி தளரும். ரத்த ஓட்டத்தைத் தூக்கி நிறுத்த நரம்பு வழியே நிறைய உப்புநீரைச் சில நிமிடங்களில் தள்ளுவது பணக்கார நாடுகளின் பாடநூல்களில் அசைக்க முடியாத விதியாக இருந்தது. இப்படி ஒரே மூச்சில் ஏற்றுவதை போலஸ் என்பார்கள். அந்த விதியின் அடித்தளம் நீங்கள் நினைப்பதைவிட மெல்லியது. 1991இல் வெளிவந்த, பலரும் மேற்கோள் காட்டும் ஓர் அமெரிக்க ஆய்வில் மொத்தமே 34 குழந்தைகள். முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 40 மி.லிக்கு மேல் பெற்றவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்பது அதன் சாரம். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வல்ல அது, நடந்ததைப் பின்னால் திரும்பிப் பார்த்து எழுதியது. அந்தக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள். நுரையீரலில் நீர் கோத்தாலும் வென்டிலேட்டர் தாங்கிப் பிடித்திருக்கும்.

உகாண்டாவின் மாவட்ட மருத்துவமனை வார்டில் அந்தத் தாங்கல் கிடையாது. அதனால் அங்கே நடைமுறையே வேறாக இருந்தது. ஷாக்கின் எல்லா அறிகுறிகளும் ஒருசேர இருக்கும் குழந்தைக்குத்தான் போலஸ் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி வைத்திருந்தது, அப்படிப்பட்டவர்கள் சொற்பம். மற்றவர்களுக்கு மெதுவான டிரிப்ஸ், மருந்து, தேவைப்பட்டால் ரத்தம், அவ்வளவுதான். இதைப் பார்த்த பலரும், ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு ஒரு மலிவான உயிர்காக்கும் சிகிச்சை மறுக்கப்படுகிறது என்று நம்பினார்கள். ஆய்வுக் குழுவினருக்கே போலஸ் பலன் தரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. கிலிஃபியில் அதற்கு முன் கடும் மலேரியாக் குழந்தைகளிடம் நடத்திய ஒரு சிறிய ஆய்வில், ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் கலந்த திரவம் பெற்ற 56 பேரில் 2 பேரும் சலைன் பெற்ற 61 பேரில் 11 பேரும் இறந்திருந்தார்கள். இந்த எண்களைப் பார்த்தால் யாருக்கும் ஆல்புமின் ஓர் அற்புத மருந்தாகத்தான் தோன்றும். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்பது பெரிய ஆய்வு முடிந்தபோதுதான் தெரிந்தது. சிறிய ஆய்வுகளின் பெரிய வித்தியாசங்களை நம்பிச் சிகிச்சையை மாற்றக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சேர்க்கப்பட்டவர்கள் 60 நாள் முதல் 12 வயது வரை உள்ளவர்கள். இடைநிலை வயது 2. காய்ச்சலோடு சேர்த்து நினைவு மங்கலோ மூச்சுத் திணறலோ இருக்க வேண்டும், அத்துடன் ரத்த ஓட்டக் குறைவுக்கான ஓர் அடையாளமாவது இருக்க வேண்டும். அந்த அடையாளங்களைப் பார்க்கக் கைகளும் ஒரு கடிகாரமும் போதும். கட்டைவிரல் நகத்தை அழுத்தி வெளுக்க வைத்து விட்டுவிட்டால், சிவப்பு திரும்ப 3 விநாடியோ அதற்கு மேலோ ஆகிறதா? புறங்கையைப் பாதத்திலிருந்து முழங்கால் வரை ஓட்டிப் பார்த்தால், கீழே சில்லென்றும் மேலே சூடாகவும் இருக்கிறதா? மணிக்கட்டில் நாடி தளர்ந்திருக்கிறதா? இதயத் துடிப்பு வயதுக்கு மீறியிருக்கிறதா, அதாவது ஒரு வயதுக்குள் 180, ஐந்து வயது வரை 160, அதற்கு மேல் 140 என்ற எல்லைகளைத் தாண்டியதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும் என்று வைத்ததுதான் பிற்பாடு மிகுந்த வாக்குவாதத்துக்கு உள்ளானது. காய்ச்சலில் எந்தக் குழந்தைக்கும் துடிப்பு ஏறும், குளிர்ந்த அறையில் எந்தக் காலும் சில்லிடும், இவர்களெல்லாம் உண்மையில் ஷாக்கில் இருந்தார்களா என்று மேல்நாட்டு மருத்துவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் முடிவைப் புரட்டிப்போடும் அளவுக்கு வலுவான கேள்வியல்ல. கடுமையான அளவுகோல்களின்படி ஷாக்கில் இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோதும் போலஸ் எந்தப் பிரிவிலும் நன்மை காட்டவில்லை.

இந்தப் பிள்ளைகள் எவ்வளவு மோசமான நிலையில் வந்தார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 57 சதவீதம் பேருக்கு மலேரியா. 83 சதவீதம் பேருக்கு மூச்சுத் திணறல். மூன்றில் ஒரு பங்கு, சரியாகச் சொன்னால் 32 சதவீதம் பேருக்கு ஹீமோகுளோபின் 100 மி.லி. ரத்தத்தில் 5 கிராமுக்குக் கீழ், அதாவது கடும் ரத்தசோகை. பாதிப் பேரின் ரத்தத்தில் அமிலம் கடுமையாக ஏறியிருந்தது.

முறை எளிமையானது. வரிசை எண் போட்டு மூடி ஒட்டிய, உள்ளே இருப்பது தெரியாத உறைகள் வார்டிலேயே இருக்கும். தகுதியான குழந்தை வந்ததும் மருத்துவர் அடுத்த உறையைப் பிரிப்பார். உள்ளே மூன்றில் ஒன்று எழுதியிருக்கும்: 5 சத ஆல்புமின் போலஸ், 0.9 சத சலைன் போலஸ், போலஸ் இல்லை. போலஸ் என்றால் கிலோவுக்கு 20 மி.லி., ஒரு மணி நேரத்தில். நடுவில் ஆய்வுத் திட்டத்தைத் திருத்தி 40 மி.லி. ஆக்கினார்கள். பத்து கிலோ குழந்தைக்கு 200 மி.லி. அல்லது 400 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். போலஸ் இல்லாத பிரிவு கைவிடப்பட்ட பிரிவு என்று நினைத்துவிடக்கூடாது. அவர்களுக்கும் மணிக்கு கிலோவுக்கு 2.5 முதல் 4 மி.லி. வரை பராமரிப்பு திரவம் ஓடியது, பத்து கிலோ குழந்தைக்கு மணிக்கு அதிகபட்சம் 40 மி.லி. ஆன்டிபயாடிக், மலேரியா மருந்து, வலிப்பு மருந்து, ஆக்ஸிஜன், ஹீமோகுளோபின் 5க்குக் கீழே இருந்தால் ரத்தம் எல்லாம் மூன்று பிரிவுக்கும் ஒன்றுபோல. அவசர சிகிச்சைப் பயிற்சியும் அடிப்படைக் கருவிகளும் ஆய்வின் தொடக்கத்திலேயே எல்லா மருத்துவமனைகளுக்கும் கொடுக்கப்பட்டன.

3600 பேரைச் சேர்க்கத் திட்டம். 3141இல் சுயேச்சைக் கண்காணிப்புக் குழு நிறுத்தச் சொன்னது. 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள்: ஆல்புமின் பிரிவில் 1050 பேரில் 111, சலைன் பிரிவில் 1047 பேரில் 110, போலஸ் இல்லாத பிரிவில் 1044 பேரில் 76. சதவீதத்தில் 10.6, 10.5, 7.3. நான்கு வாரத்திலும் அந்த இடைவெளி மூடவில்லை: 12.2, 12.0, 8.7. ஏறக்குறைய 30 குழந்தைகளுக்கு போலஸ் கொடுத்தால் ஓர் உயிர் கூடுதலாகப் போகிறது என்று பொருள். இந்த அளவு எண்ணிக்கையில், ஆறு வேறு வேறு மருத்துவமனைகளில், ஆல்புமினிலும் சலைனிலும் ஒரே மாதிரி வந்த முடிவை தற்செயல் என்று தள்ள முடியாது. யாருக்கு எது ஏறுகிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியும்தான், பாட்டில் கண்ணுக்கு எதிரே தொங்குகிறது. ஆனால் எண்ணப்பட்டது மரணம், அதைக் கண்ணோட்டம் மாற்றிவிடாது.

ஏன் இறந்தார்கள் என்பதில்தான் நிச்சயம் குறைகிறது. எல்லோரும் முதலில் நினைத்தது நுரையீரலில் நீர் கோத்தது அல்லது மூளை வீங்கியது என்று. இறந்த ஒவ்வொருவரின் பதிவையும், எந்தப் பிரிவு என்று தெரியாத ஒரு குழு படித்துப் பார்த்து வகைப்படுத்தியது. வித்தியாசம் பெரிதாக வந்தது இதயமும் ரத்த ஓட்டமும் நிலைகுலைந்த மரணங்களில்: போலஸ் பெற்றவர்களில் 4.6 சதவீதம், பெறாதவர்களில் 2.6. மூச்சு, மூளை தொடர்பான மரணங்களில் இடைவெளி அதைவிடச் சிறியது. இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது ஷாக் அறிகுறிகள் நீங்கியிருந்தவர்கள் போலஸ் பிரிவில் 43 சதவீதம், மற்றதில் 32. அதாவது படுக்கையருகே நின்ற மருத்துவருக்கும் நர்ஸுக்கும் தாய்க்கும் சிகிச்சை வேலை செய்வதாகத்தான் தெரிந்திருக்கும். கை சூடானது, நாடி நிமிர்ந்தது, சில மணி நேரம் கழித்துக் குழந்தை திடீரென்று சரிந்தது. மரணங்களில் பெரும்பகுதி முதல் 24 மணி நேரத்துக்குள். தனி மருத்துவர் ஒருவர் எத்தனை ஆண்டு அனுபவம் சேர்த்தாலும் இந்தத் தீங்கைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நூற்றுக்கு மூன்று என்ற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அதிலும் முதல் பார்வைக்குப் பலன் போலத் தோன்றும்போது.

சரிவுக்குக் காரணமாகப் பின்னால் முன்வைக்கப்பட்டவை பல. சலைனில் லிட்டருக்கு 154 அலகு குளோரைடு, ரத்தத்தில் இருப்பது சுமார் 100. ஏற்கெனவே அமிலம் ஏறிய உடம்பில் அதை வேகமாகக் கொட்டினால் அமிலம் மேலும் ஏறும். ரத்தமும் நீர்த்துப்போகும். பத்து கிலோ குழந்தையின் உடம்பில் ரத்தம் சுமார் 800 மி.லி. ஹீமோகுளோபின் 5 இருக்கும்போது 400 மி.லி. உப்புநீர் முழுதும் ரத்தக்குழாய்க்குள்ளேயே நின்றால் அது 3.3 ஆகிவிடும். நிஜத்தில் திரவத்தின் பெரும்பகுதி திசுக்களுக்குள் கசிந்துவிடும் என்பதால் இவ்வளவு விழாது, ஆனால் திசை அதுதான். ஃபீஸ்ட் தரவுகளை 2019இல் மறு ஆய்வு செய்தவர்கள் ரத்தம் நீர்த்தது, குளோரைடு அமிலம், மூச்சும் மூளையும் மோசமானது ஆகியவற்றைக் கூட்டாகக் குற்றம்சாட்டினார்கள். இன்னொரு யோசனை, அட்ரினலின் போன்ற சுரப்புகள் கையையும் காலையும் குளிரவைத்து முக்கிய உறுப்புகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததை போலஸ் குலைத்தது என்பது. ரத்தசோகை இல்லாத குழந்தைகளிடமும் தீங்கு தெரிந்ததால் எந்த ஒரு விளக்கமும் தனியாகப் போதவில்லை. 'எப்படி' என்பது இன்னும் விவாதம், 'என்ன நடந்தது' என்பதில் விவாதமில்லை.

இந்த ஆய்வு தொடாத இடங்களை இணையத்தில் பகிர்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகள் இதில் இல்லை. காலராவிலோ கடும் பேதியிலோ துவண்ட குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத் திட்டப்படி கிலோவுக்கு 100 மி.லி., அதில் 30 மி.லி. கைக்குழந்தைக்கு முதல் ஒரு மணியிலும் ஒரு வயது தாண்டியவர்களுக்கு முதல் அரை மணியிலும் ஏற்றுவதுதான் உயிர்காக்கும் சிகிச்சை. கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ளவர்களும், காயத்தாலோ தீக்காயத்தாலோ ஷாக்குக்குப் போனவர்களும் சேர்க்கப்படவில்லை. டெங்கு ஷாக் வேறு கதை. அங்கே ரத்தக்குழாயிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசிகிறது, அளந்து ஏற்றும் திரவமே சிகிச்சை, அதற்குத் தனி நெறிமுறை இருக்கிறது. ரத்த அழுத்தமே விழுந்துவிட்ட குழந்தைகளைத் தனிப் பிரிவாக வைத்தார்கள், அதில் சேர்ந்தது 29 பேர், இரு வகை போலஸிலும் பாதிக்கு மேல் இறந்தார்கள், போலஸ் இல்லாத ஒப்பீடு அந்தப் பிரிவில் கிடையாது. அவர்களைப் பற்றி ஃபீஸ்ட் எதுவும் சொல்லவில்லை. வென்டிலேட்டரும் இதய மருந்துகளும் உள்ள இடத்தில் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்து தெரியாது. பிரிட்டனில் கிலோவுக்கு 10 மி.லி. போலஸையும் 20 மி.லி. போலஸையும் ஒப்பிட முன்னோட்ட ஆய்வு ஒன்று நடத்தினார்கள். முழு ஆய்வு சாத்தியமில்லை என்று அதோடு நின்றது.

சோதனை எலி விஷயத்துக்கு வருகிறேன். போலஸ் பெற்ற 2097 பேரில், மற்றப் பிரிவின் விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால், 70க்கு அருகில் மரணங்கள் கூடுதல். இதை மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும். அதே சமயம் எது பழைய சிகிச்சை, எது சோதனைச் சிகிச்சை என்பதைத் தலைகீழாக்கக் கூடாது. அந்த வார்டுகளில் போலஸ் இல்லாததுதான் வழக்கம், போலஸ்தான் புதிது. லண்டனிலும் அமெரிக்காவிலும் வழக்கமாகத் தருவதைத்தான் இங்கே பரிசோதித்தார்கள், ஏழைகள் மேல் ஏதோ புது மருந்தைக் கொட்டவில்லை. இந்த ஆய்வு நடக்காமல் போலஸ் ஆப்பிரிக்கா முழுக்க விதியாகியிருந்தால், அதே விகிதத்தில் பிள்ளைகள் இறந்துகொண்டேயிருப்பார்கள், யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அதனால் நடத்தியது சரி என்பதுதான் என் தீர்ப்பு. எனக்கு உறுத்துவது இரண்டு. ஒன்று, நடுவில் அளவை இரட்டிப்பாக்கியது. நடத்துகிறவர்களுக்குப் பிரிவுவாரி மரணக் கணக்கு தெரியாது என்பது உண்மை, தெரியக்கூடாது என்பதும் விதி. ஆனாலும் பயன் தெரியாத ஒன்றின் அளவைக் கூட்டுவதற்கு அதிகத் தயக்கம் இருந்திருக்கலாம். இன்னொன்று சம்மதம். குழந்தை மூச்சுக்குத் திணறும்போது தாயிடம் எட்டுப் பக்கப் படிவத்தை நீட்ட முடியாது. அதனால் முதலில் வாய்மொழி ஒப்புதல், நிலைமை தணிந்ததும் விளக்கி எழுத்து மூலம் சம்மதம் என்று ஆய்வுகளுக்கு அனுமதி தரும் அறநெறிக் குழுக்கள் அனுமதித்தன. வேறு வழியில்லை என்பதை ஏற்கிறேன். பதறி நிற்கும் ஒரு தாயின் 'சரி'க்கு எவ்வளவு எடை என்பது அப்படியே நிற்கிறது.

முடிவு தெரிந்த பிறகு வழிகாட்டிகள் உடனே மாறியிருக்கும் என்று நினைப்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டிலும் ஷாக்குக்கு வேக போலஸ் இருந்தது. 2016இல்தான் திருத்தினார்கள்: ரத்த ஓட்டக் குறைவின் ஒன்றிரண்டு அறிகுறி மட்டும் இருந்தால் வேகமாக ஏற்றக்கூடாது, குளிர்ந்த கைகால், 3 விநாடிக்கு மேல் நகச் சிவப்புத் தாமதம், தளர்ந்து வேகமாக ஓடும் நாடி மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி., 30 முதல் 60 நிமிடத்தில், இடையிடையே பார்த்துப் பார்த்து. 2020இல் வந்த, செப்சிஸ் எனப்படும் முற்றிய நோய்த்தொற்றுக்கான சர்வதேசக் குழந்தைகள் வழிகாட்டி, தீவிர சிகிச்சை வசதி இல்லாத இடத்தில் ரத்த அழுத்தம் விழாதவரை போலஸ் வேண்டாம் என்று சொல்கிறது. இதற்கிடையே ஜாம்பியாவில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவும் 2017இல் அதே பக்கம் சாய்ந்தது: நெறிமுறைப்படி வேகமாகத் திரவமும் ரத்த அழுத்த மருந்தும் பெற்றவர்களில் 48.1 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள், வழக்கமான சிகிச்சையில் 33 சதவீதம்.

ஃபீஸ்டில் மூன்றில் ஒருவருக்குக் கடும் ரத்தசோகை என்றேன் அல்லவா, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு அதே குழு உகாண்டாவிலும் மலாவியிலும் டிராக்ட் என்ற ஆய்வை நடத்தியது. 2019இல் வெளிவந்தது. ஹீமோகுளோபின் 4க்கும் 6க்கும் இடையில் இருந்து வேறு அபாய அறிகுறி இல்லாத குழந்தைக்கு உடனே ரத்தம் ஏற்றுவதும், கண்காணித்துக் காத்திருந்து தேவைப்பட்டால் ஏற்றுவதும் மரணக் கணக்கில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காட்டவில்லை. காத்திருந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு ரத்தமே தேவைப்படவில்லை. ரத்த வங்கி அடிக்கடி வறண்டுபோகும் ஊரில் இது பெரிய சேமிப்பு. ரத்தத்தின் அளவில் இன்னும் சுவையான முடிவு: கிலோவுக்கு 20 மி.லியா 30 மி.லியா என்று மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசமில்லை, ஆனால் வரும்போது காய்ச்சல் இல்லாதவர்களுக்கு 30 நல்லது, காய்ச்சல் 37.5 டிகிரிக்கு மேல் உள்ளவர்களுக்கு 30 தீங்கு. ஏன் காய்ச்சல் இப்படித் திசையை மாற்றுகிறது என்பதற்கு உறுதியான விளக்கம் இதுவரை இல்லை. நடைமுறைக்கு ஒரு தெர்மாமீட்டர் போதும்.

உங்கள் பிள்ளை விஷயத்தில் இதை எப்படிப் பயன்படுத்துவது? காய்ச்சலுக்கு டிரிப்ஸ் போட்டால் தெம்பு வரும் என்று நாமே கேட்டு வாங்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. வாய்வழி குடிக்க முடிகிற குழந்தைக்கு அது தேவையில்லை, அதைச் சொல்ல ஃபீஸ்டும் தேவையில்லை. போட்டே ஆக வேண்டிய நிலை என்றால் மருத்துவரிடம் கேட்க வேண்டியது 'ஏன் போடுகிறீர்கள்' என்பதல்ல, மணிக்கு எத்தனை மி.லி., ஹீமோகுளோபின் பார்த்தாயிற்றா, அடுத்து எப்போது வந்து பார்ப்பீர்கள் என்பவை. வேகம் தெரிந்தால் சொட்டையும் சரிபார்க்கலாம். குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மி.லி., எனவே மணிக்கு 40 மி.லி. என்றால் நிமிடத்துக்கு 40 சொட்டு. 20 சொட்டு ஒரு மி.லி. வரும் பெரியவர் செட் மாட்டியிருந்தால் அதே அளவுக்கு 13 சொட்டுதான் விழ வேண்டும். அந்த செட்டில் நிமிடத்துக்கு 40 சொட்டு ஓடினால் மணிக்கு 120 மி.லி. போய்க்கொண்டிருக்கிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையை நீங்களே திருக வேண்டாம், நர்ஸைக் கூப்பிடுங்கள்.